வித்ததுக்கு வரி

அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டில் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என் பெயர் பிருந்தா. கடைசி நாள் சாயங்காலம் வரை தூங்கிவிட்டு, மஞ்சப்பை நிறையச் சீட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டி, "பாத்துக் குறைச்சுப் போடும்மா" என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தால் அதில் நுழைந்து குறைத்துத்தான் போடுவேன். அதற்குத்தானே காசு கொடுக்கிறார்கள்.

குறைத்துப் போடாதே என்று என்னோடு சண்டைக்கு வந்த ஒரே ஆள் முத்துப்பேச்சி அக்கா. பாளையம்பட்டியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆறு மேசை போட்டு மெஸ் நடத்துகிறார். குடல் குழம்பு, கருவாட்டுக் குழம்பு, ரத்தப் பொரியல், ரசம், மோர். முழுச் சாப்பாடு தொண்ணூறு ரூபாய். சோறு போதும் என்று நாம்தான் சொல்ல வேண்டும், அவராக நிறுத்த மாட்டார். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் லீவு, ஏனென்றால் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் கறி தின்கிறவன் ஒளிந்துதான் தின்ன வேண்டும்.

அக்காவுக்குச் சொந்த ஊர் நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். கண்மாய் பெருகாத வருடம் வேலையும் இருக்காது, சோறும் இருக்காது. கல்யாணமாகி இங்கே வந்தவர், டவுனில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். ஒன்பது வருடம் கழுவியும் அவரை அடுப்புப் பக்கம் விடவில்லை. கறிவேப்பிலைகூட உருவ விடவில்லை. ஏன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த காரணத்தை எதற்குச் சொல்ல வேண்டும்? புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு, காதில் கிடந்த தோட்டை விற்றுக் கடை பிடித்தார். கழுவின கை ஆக்குமா என்று கேலி பேசியவர்களுக்குப் பதிலாக, பலகையில் தன் பெயரையே பெரிதாக எழுதி மாட்டினார்: முத்துப்பேச்சி மெஸ்.

பலகையைப் பார்த்து யாரும் ஓடி வந்துவிடவில்லை. "அது எந்தத் தெருக்காரி கடை?" என்று பக்கத்து டீக்கடையில் விசாரித்துவிட்டு, வெறும் வடையைத் தின்றுவிட்டுப் பஸ் ஏறிப் போனார்கள். முதல் வாரம் முழுக்க, ஆக்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் அக்காவும் மகள் முத்துலட்சுமியுமே தின்றார்கள். "நாங்க பட்டினி கெடந்து அழுகல தாயி, வயிறு முட்டத் தின்னுட்டு அழுதோம்" என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

அன்றைக்குக் காப்பாற்றியவர் அண்ணன் பால்ச்சாமி. கமிஷன் கடையில் மூட்டை தூக்குகிறவர். ஒரு மத்தியானம் தன்னோடு வேலை செய்யும் லோடுமேன்களைத் தள்ளிக்கொண்டு வந்து இலை முன்னால் உட்கார வைத்தார். லோடுமேன் சாப்பிடுவதைப் பார்த்தால் வயிறு நிறைந்தவனுக்கும் பசிக்கும். பிறகு தறி ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், கண்டக்டர்கள் வந்தார்கள், கடைசியில் தெருவை விசாரித்தவர்களும் வந்தார்கள். நாக்கு ருசி கண்டுவிட்டால் அப்புறம் விசாரணை ஏது?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கடைக்கு ஒரு ஸ்கேன் அட்டையும், காசு விழுந்தால் சத்தம் போட்டுச் சொல்கிற பெட்டியும் வந்தன. பெட்டிக்குள் ஒரு பெண் "தொண்ணூறு ரூபாய் பெறப்பட்டது" என்று கணீரென்று சொல்வாள். அந்தக் குரல் அக்காவின் சொந்தக்காரர்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. எங்கள் பக்கத்து விசேஷங்களில் மொய் செய்தால் அதை மைக்கில் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னாலோ, தொகையை விழுங்கிவிட்டாலோ அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடும். இந்தப் பெட்டியோ பங்காளி, மாமன், மச்சான் என்ற வஞ்சனை இல்லாமல் எல்லோருக்கும் ஒரே குரலில் சொல்கிறது. பால்ச்சாமி தன் பேரன் காதுகுத்துக்கு அட்டையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் வைத்தார். "ஆயிரத்தொரு ரூபாய் பெறப்பட்டது!" என்றதும் பந்தலே கைதட்டியதாம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? அந்த வருடம் முழுக்கச் சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று பெட்டி ஊர் ஊராகப் போனது. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காததுதான் பாக்கி. விழுந்த பணத்தை அக்கா மறுநாளே எடுத்து விசேஷ வீட்டில் கொடுத்துவிடுவார். ஒரு டீக் காசுகூட எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் பேங்குக்கு மொய்யும் குடலும் ஒன்றுதான். வந்ததெல்லாம் கடைப் பணம் என்று பதிந்துகொண்டே போனது.

போன ஆவணியில் நோட்டீஸ் வந்தது. ஸ்கேன் வழியாக முப்பத்திரண்டு லட்சம் வந்திருக்கிறது, ரொக்கமாகவும் அதே அளவு விற்றிருக்க வேண்டும் என்று, வருடத்து விற்பனை அறுபது லட்சத்துக்கு மேல் என உத்தேசம் போட்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கடையில் விற்பனை இருபது லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். அக்கா பதிவு செய்திருக்கவில்லை. வரி, வட்டி, தண்டம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். கடைச் சாமானையும், கட்டடத்துக்குக் கொடுத்த அட்வான்ஸையும் சேர்த்து விற்றாலும் அடையாது. மெஸ்ஸை மூடிவிட்டு மறுபடி யார் ஹோட்டலிலாவது பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான்.

அக்கா என் எதிரில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி, இதுல என்னயக் களவாணின்னு எழுதியிருக்கா?"

"அப்படி எழுதலக்கா. விற்பனைய மறைச்சதா எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

கூட வந்திருந்த பால்ச்சாமி தொண்டையைக் கனைத்தார். "ஏட்டி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் பலகையக் கழட்டு. முத்துலச்சுமி பேருல புதுப் பலகை மாட்டுவோம். பழைய கடைய மூடியாச்சுன்னு சொல்லிட்டா அவுக யாரப் போயிப் புடிப்பாக?"

"கழட்டுறதா? அதுல இருக்குறது எம் பேருண்ணே. செத்தாத்தான் கழட்டணும்."

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். ஆபீஸில் பேசி, கொஞ்சம் குறைத்துக் கேட்டு, ஒப்புக்கொண்டு தவணையில் கட்டலாம். பலரும் செய்வதுதான். அக்கா மேசையில் உள்ளங்கையை ஊன்றி எழுந்தார்.

"வித்ததுக்கு வரி கேட்டாத் தாரேன். விக்காததுக்கு ஒத்தப் பைசா தர மாட்டேன். அவுக ஆபீசுக்கு எந்த பஸ்ஸு போகுது, சொல்லு."

விசாரணை அதிகாரி பெயர் சங்கையா. கமுதிப் பக்கத்துக்காரர். நிறுத்தி நிதானமாகப் பேசுவார், நிறுத்தி நிதானமாகவே நம்ப மாட்டார். பேங்கிலிருந்து எடுத்த வரவு விவரத்தை அவர் முன்னால் வைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"சார், எங் கடையில ஒரு சாப்பாடு தொண்ணூறு ரூவா. இந்தாளு ஆயிரத்தொரு ரூவா போட்டுருக்கான். என்னத்தத் தின்னுருப்பான்? ஆட்டக் கொம்போட முழுங்குனானா?"

சங்கையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். ஐந்நூற்றொன்று. ஆயிரத்தொன்று. இரண்டாயிரத்தொன்று. மறுபடி ஐந்நூற்றொன்று. எல்லாம் முகூர்த்த நாளாகப் பார்த்து வரிசையாக விழுந்திருந்தன. அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"மொய்யா?"

"மொய்தான் சார். ஒத்த ரூவா சேக்காம எவன் மொய் செய்வான்?"

"எங்க வீட்டு விசேசத்துலயும் அப்படித்தாம்மா வந்துச்சு" என்றார். விசேஷப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கித் தேதியைச் சரிபார்த்தார். அதில் மூன்று மணி நேரம் போனது. மொய்யைக் கழித்துவிட்டால் ஸ்கேனில் வந்த கடைப் பணம் பதிமூன்று லட்சம்தான். எனக்கு மூச்சு வந்தது. அவர் பேனாவை மூடவில்லை.

"சரிம்மா, இது இருக்கட்டும். ரொக்கமா எம்புட்டு வித்தீங்க? அதுக்குப் பில்லு இல்ல. நான் ஒரு உத்தேசம் போட்டாகணும். ஒரு மூடை அரிசி எத்தனை நாளைக்கு வரும்?"

"உக்காருற ஆளப் பொறுத்தது சார். வாத்தியாரு வந்தா ஒரு வாரம் வரும். லோடுமேனு வந்தா ரெண்டு நாளு."

"எத்தனை பேரு சாப்புடுவாங்கன்னு உத்தேசமாச் சொல்லுங்க."

"நான் சொன்னா நீங்க நம்புவீகளா? நீங்க சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். எதுக்கு இந்தப் பொல்லாப்பு? நாளைக்கே வாங்க. கல்லாப் பக்கத்துல நாற்காலி போடுறேன். உக்காந்து எண்ணிக்கிருங்க."

அப்படி ஒரு வழக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து எண்ணி, லீவு நாளைக் கழித்து, வருடத்துக்குக் கணக்குப் போடுவார்கள். ஆனால் அதிகாரியை வீட்டுக்குப் பெண் பார்க்க வரச் சொல்வது மாதிரி யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை. சங்கையா வருகிறேன் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அக்காவுக்கு விளக்கினேன். நாளைக்கு ரொக்கம் குறைவாக விழுந்தால் மொத்தம் இருபது லட்சத்துக்குள் அடங்கிவிடும், வரியும் இல்லை, தண்டமும் இல்லை. நிறைய விழுந்தால் எல்லை தாண்டும். "விழுகுறது விழுகட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துணைக்கு வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பால்ச்சாமி அதை வேறு மாதிரி மனதில் போட்டுக்கொண்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுநாள் பகல் பதினோரு மணிக்குச் சங்கையா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் மூலை மேசையில் உட்கார்ந்தேன். குடல் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. சோறு வடித்தாகிவிட்டது. மற்ற நாட்களில் பன்னிரண்டரைக்கெல்லாம் இலைக்கு அடிபிடி நடக்கும். அன்றைக்கு ஒரு மணி ஆகியும் ஈதான் வந்தது. விவரம் தெரியாமல் வந்த வெளியூர்க்காரர் இருவர், காலி மேசைகளைப் பார்த்து ஊசிப்போன சோறோ என்று சந்தேகப்பட்டு முகர்ந்து முகர்ந்து தின்றார்கள். சங்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா வாசலைப் பார்த்தார்.

"பஸ்ஸு ஓடலையா? என்னான்னு பாத்துட்டு வா" என்று மகளை அனுப்பினார். முத்துலட்சுமி போன வேகத்தில் திரும்பி வந்து, அடுப்படிக்குள் அம்மாவின் காதில் சொன்னாள். நானும் பின்னாலேயே போய் நின்றதால் எனக்கும் கேட்டது.

"மாமா டீக்கடை முக்குல நின்னுக்கிட்டு எல்லாத்தையும் திருப்பி விடுறாகம்மா. 'ஆபீசரு உக்காந்துருக்காரு, எந் தங்கச்சிக்கு நல்லது பண்ணணும்னா இன்னைக்கு ஒருத்தரும் அங்கிட்டுப் போகாதீக'ன்னு சொல்றாக. எல்லாரும் பன்னைத் தின்னுக்கிட்டு நிக்கிறாக."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம் பொங்கியது. சும்மா சொல்லக்கூடாது, பால்ச்சாமி என் தொழிலுக்கு வந்திருந்தால் எனக்குப் பிழைப்பே இருந்திருக்காது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, பேசாம இருங்க. இன்னைக்கு ஒரு நாளு. ஆளில்லாமயே போகட்டும். ஆயுசுக்கும் வரி கிடையாது. ஆக்குன சோத்துக்கு வேணா நான் காசு தாரேன்."

"அப்ப, எங் கடைக்கு ஆளே வாரதில்லன்னு அவரு எழுதுவாரு?"

"எழுதட்டுமேக்கா."

"சர்க்காரு காயிதத்துல?"

"நமக்கு அதுதானே வேணும்."

அக்கா என் கையை உதறினார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. குழம்புக் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், செருப்புப் போடாமல், கொதிக்கிற ரோட்டில் இறங்கி நடந்தார். நான் வாசலுக்கு ஓடினேன். சங்கையாவும் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

டீக்கடை முக்கில் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். பால்ச்சாமி நடுவில் நின்று தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்னண்ணே கண்ணடிக்கிற? அன்னைக்கு நான் ஈ ஓட்டிக்கிட்டு ஒக்காந்துருந்தப்ப நீதான ஆளக் கூட்டியாந்த? இன்னைக்கு நீயே தொரத்தி விடுறியா?"

"மெதுவாப் பேசுடி. ஒன் நல்லதுக்குத்தான். வரியத் தீட்டிப்புடுவாக."

"தீட்டட்டும்! வித்தாத் தீட்டட்டும்! ஒரு வாரம் எஞ் சோத்த நானே தின்னேன். இந்தத் தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு. யாரு கையில ஆக்குனதுன்னு கேட்டுக்கிட்டுப் போனாக. ஒவ்வொரு ஆளா எங் கடைக்குள்ள வாரதுக்கு எத்தன வருசமாச்சு? இன்னைக்கு அந்தாளு வந்து, முத்துப்பேச்சி கடையில ஒருத்தனும் கை நனைக்கலன்னு எழுதிட்டுப் போறதுக்கா நான் அடுப்புல கெடந்து வெந்தேன்?"

பால்ச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கரண்டியை மற்றவர்கள் பக்கம் திருப்பினார்.

"ஏலே, என்னத்துக்கு அந்தக் காஞ்ச பன்னைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீக? வாங்கடா. வந்து சாப்புடுங்க. சாப்புட்டுக் காசக் கல்லாவுல போடுங்க. அந்த ஆபீசரு கண்ணு பாக்கப் போடுங்க!"

எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் ஆத்திரமும் வந்தன. ஒரு மத்தியானம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தால் போதுமே, கையில் வந்த வெண்ணெயைத் தாழியோடு போட்டு உடைக்கிறாரே என்று என் தொழில் புத்தி அடித்துக்கொண்டது. மற்றொரு பக்கம், ஓடிப்போய் அந்தக் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

முதலில் லோடுமேன்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளைகள் மாதிரி. பிறகு தறிக்காரர்கள். பிறகு திடுதிப்பென்று ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். இலை போதாமல் முத்துலட்சுமி பக்கத்துக் கடையில் கடன் வாங்கினாள். சங்கையா ஒவ்வொரு தலைக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பசி தாங்காமல் அவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, குடல் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தொண்ணூறு ரூபாயைக் கொடுத்து, தனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

எல்லோருக்கும் கடைசியாகப் பால்ச்சாமி வந்தார். கடை தொடங்கிய நாளிலிருந்து அவர் அங்கே காசு கொடுத்துச் சாப்பிட்டதில்லை. ரசம், மோர் எல்லாம் முடித்துக் கை கழுவிக்கொண்டு வெளியேறப் போனவரை அக்கா கல்லாவிலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, தொண்ணூறு ரூவா."

"நானுமாடி?"

"நீயுந்தான். கணக்குல நீ விட்டுப்போகக் கூடாது."

பால்ச்சாமி இடுப்பு வேட்டியில் முடிந்திருந்ததை அவிழ்த்து நூறு ரூபாயை எடுத்து வைத்தார். அக்கா பத்து ரூபாய் மீதி கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியிருந்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். சங்கையா அறிக்கையைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வருடத்து விற்பனை இருபத்திரண்டு லட்சம் என்று உத்தேசம். அறுபது லட்சம் ஒழிந்தது, கடை பிழைத்தது. ஆனால் எல்லை தாண்டிவிட்டது. தாண்டியதற்கு வரி, பதியாததற்குத் தண்டம், இனிமேல் மொத்த விற்பனைக்கும் நூற்றுக்கு ஐந்து. நான் தொகையை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசித்துக்கொண்டே வந்தார்.

"ஆய்வு நாளன்று மேற்படி முத்துப்பேச்சி மெஸ்ஸில் உணவருந்தியோர் எண்பத்தொரு பேர்."

"இன்னொருக்கப் படிங்க சார்" என்றார் அக்கா.

சங்கையா தலையைத் தூக்கிப் பார்த்தார். ஏதோ தவறு இருக்கிறது என்கிறாரோ என்று நினைத்திருப்பார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அடுத்த அறைக்குக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக மறுபடி வாசித்தார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்து கேட்டார். பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, அவசரமே இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போதுதான் கேட்டார்.

"எம்புட்டுக் கட்டணும் தாயி?"

சொன்னேன்.

"வருசா வருசமா?"

"வருசா வருசந்தான்க்கா. ஆளு கூடக் கூட வரியும் கூடும்."

"கூடட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா பாளையம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.